எந்தப் பக்கம் சுற்றுகிறாள்? ஒரு நிழலுருவின் பூர்வீகம்

ஒற்றைக் காலில் நின்று ஓயாமல் சுழலும் கறுப்பு நிழலுரு நடனப் பெண்ணை, கைப்பேசி வைத்திருக்கும் பலரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். சிலருக்கு அவள் வலஞ்சுழியாகச் சுற்றுகிறாள், சிலருக்கு இடஞ்சுழியாக. அருகருகே உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்கும் இருவருக்குக்கூட ஒத்துப்போவதில்லை. கொஞ்ச நேரம் விடாமல் பார்த்தால் யாரும் தொடாமலே திசை மாறியும் விடுகிறாள். படத்தோடு ஒரு தீர்ப்பும் சேர்ந்தே வரும். வலஞ்சுழி தெரிந்தால் நீங்கள் வலது மூளைக்காரர், கற்பனை மிகுந்தவர். இடஞ்சுழி தெரிந்தால் இடது மூளைக்காரர், கணக்கும் தர்க்கமும் கைவந்தவர். இந்தத் தீர்ப்பை எழுதியது யார், படத்தைச் செய்தது யார் என்ற சில்லறைக் கேள்விகளோடு தொடங்கிய தேடல் இது. 1738-இல் கேம்பிரிட்ஜில் அச்சான ஓர் ஒளியியல் நூல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதல் தடயம் சுலபமாகவே கிடைத்தது. படமும் தீர்ப்பும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. படத்தை 2003-இல் செய்தவர் நொபுயுகி கயஹாரா என்ற ஜப்பானிய வடிவமைப்பாளர். மூளையைப் பற்றி அவர் எதையும் நிரூபிக்கக் கிளம்பவில்லை. தீர்ப்பு ஒட்டிக்கொண்டது நான்கு ஆண்டுகள் கழித்து, 2007 அக்டோபரில், ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களின் இணையப் பக்கங்களில். அங்கிருந்துதான் உலகம் சுற்றியது. வலது மூளை, இடது மூளை என்ற பேச்சுக்கு ஒரு கண்ணியமான மூதாதை உண்டு. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி அதற்காக 1981-இல் நோபல் பரிசு பெற்றார். வெட்டுப்படாத மூளையோடு சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் சுபாவத்தை ஒரு நிழலுருவை வைத்துச் சொல்லிவிடலாம் என்று அவர் ஆய்வில் எங்கும் இல்லை. யாரோ ஒரு தலைப்பு எழுதுபவரின் உபயம் என்றே நினைக்கிறேன். இந்தத் தடத்தில் அதற்கு மேல் நேரம் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

படத்தின் சூட்சுமத்துக்கு வருவோம். நிழலுருவில் முகமும் இல்லை, முதுகும் இல்லை, வெளிச்சமும் மடிப்பும் இல்லை. வெளிக்கோடு மட்டும்தான். நீட்டிய கால் நம் பக்கம் இருக்கிறதா, அந்தப் பக்கம் இருக்கிறதா என்று சொல்ல அந்தக் கோட்டில் எந்தத் தகவலும் கிடையாது. உடம்பை மறைத்துவிட்டுக் கால்விரல் நுனியை மட்டும் கவனியுங்கள். அது திரையில் ஒரு தட்டையான நீள்வட்டம் போடுகிறது. நீள்வட்டத்தின் கீழ்ப்பாதியில் நுனி வலமிருந்து இடமாகப் போகிறது, மேல்பாதியில் இடமிருந்து வலமாக. இவ்வளவுதான் திரையில் உள்ள உண்மை. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கீழ்ப்பாதி நமக்கு அருகில் இருப்பதாக எடுத்துக்கொண்டால், அவளைச் சற்று உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்று பொருள். அப்போது அவள் வலஞ்சுழி. கீழ்ப்பாதி தொலைவில் என்று கொண்டால், தாழ்வான இடத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அப்போது இடஞ்சுழி.

இதைச் சோதனையில் காட்டியவர்கள் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் உள்ள குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் நிகோலஸ் ட்ரோயேயும் மேத்யூ மக்காடமும். 2010-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை சின்னது, ஆனால் நறுக்கென்று இருக்கும். இந்தப் பெண்ணை இடஞ்சுழியாகக் காண்பதைவிட வலஞ்சுழியாகக் காண்பதே மிகுதி என்பது முன்பே கவனிக்கப்பட்ட சங்கதி. காரணம் சுழலும் திசைமேல் நமக்குள்ள பிரியம் அல்ல, மேலிருந்து பார்க்கும் கோணத்தின்மேல் நம் கண்ணுக்குள்ள பழக்கம் என்று அவர்கள் காட்டினார்கள். தரையில் கிடக்கும் பெரும்பாலான பொருள்களை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். கீழிருந்து பார்க்கும் வாய்ப்பு அரிது. சந்தேகம் வந்தால் பார்வை பழகிய பக்கம் சாய்கிறது.

ஆக, அவள் வலமா இடமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எது அருகில் எது தொலைவில் என்பது. இந்த முதல் கேள்வியை முதலில் கேட்டவர் யார் என்று தேடப் போனபோதுதான் வேலை சூடுபிடித்தது.

இப்படிப்பட்ட தேடலில் ஆய்வுக் கட்டுரைகளைவிட அடிக்குறிப்புகள்தான் துணை. காட்சி உளவியலில் அடிக்குறிப்புகளின் பெருங்கிடங்கு என்றால் அது ஹார்வர்டைச் சேர்ந்த எட்வின் போரிங் 1942-இல் வெளியிட்ட புலனறிவு வரலாற்று நூல். இளம்பெண்ணாகவும் கிழவியாகவும் மாறி மாறித் தெரியும் கேலிச்சித்திரத்தை 1930-இல் உளவியலாளர்களுக்கு அறிமுகப்படுத்தியவரும் இதே போரிங்தான். சித்திரம் அவருடையது அல்ல, டபிள்யூ. இ. ஹில் 1915-இல் ஒரு நகைச்சுவைப் பத்திரிகையில் வரைந்தது. ஆனாலும் பலர் இன்றுவரை அதைப் போரிங்கின் பெயரால்தான் அழைக்கிறார்கள். முதலில் கண்டவர் யார் என்பதில் இந்தத் துறைக்கு எவ்வளவு மறதி என்பதற்கு இதுவே போதும்.

போரிங் நூலிலிருந்து இரண்டு தடங்கள் பிரிந்தன. ஒன்று 1931-க்கு, மற்றது 1860-க்கு. அண்மையதை முதலில் எடுத்தேன்.

1931-இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த வால்டர் மைல்ஸ் ஒரு மின்விசிறியின் நிழலைத் திரையில் விழவைத்தார். விசிறிக்கு இரண்டே இறக்கைகள். அந்தக் கருவிக்குக் கினிஃபேண்டோஸ்கோப் என்று வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார். பார்வையாளர்களிடம் என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒரே நிழலுக்கு வந்த பதில்களைப் பாருங்கள்: வலப்பக்கம் சுற்றுகிறது, இடப்பக்கம் சுற்றுகிறது, சுற்றவே இல்லை முன்னும் பின்னும் ஆடுகிறது, நீண்டு சுருங்குகிறது. சோதனையாளர் வாய்மொழியாக எதைத் தூண்டிவிடுகிறாரோ, அதன் பக்கமும் காட்சி சாய்ந்தது. நடனப் பெண் படத்தோடு வரும் தீர்ப்பைப் படித்தபிறகு பார்ப்பதும் படிக்காமல் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இங்கேயே ஆதாரம் இருக்கிறது. மைல்ஸ் பிற்காலத்தில் வேறொன்றுக்காகப் புகழ்பெற்றார். இரண்டாம் உலகப் போரில் இரவில் பறக்கவேண்டிய விமானிகள் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கண்களை இருட்டுக்குப் பழக்கிக்கொள்ள உதவிய சிவப்புக் கண்ணாடி அவர் யோசனைதான். அந்தப் புகழில் விசிறி நிழல் மறைந்துபோனது. எனக்கோ சிவப்புக் கண்ணாடியைவிட இந்த நிழல்தான் பெரிதாகப்படுகிறது. நடனப் பெண்ணுக்கு 72 ஆண்டுகள் முன்பே, அவளைவிடக் கண்டிப்பான ஒரு சோதனை முடிந்திருக்கிறது.

இதே வரிசையில் 1953-இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஹான்ஸ் வாலாக்கும் ஓ'கானலும் வளைத்த கம்பிகளைத் திரைக்குப் பின்னால் சுழற்றி நிழலை மட்டும் காட்டினார்கள். கம்பி அசையாமல் நின்றால் நிழல் தட்டையாகத் தெரியும். சுழலத் தொடங்கியதும் கனமும் ஆழமும் உள்ள பொருளாக எழுந்து நிற்கும். நிழலிலிருந்து ஆழத்தைக் கட்டியெழுப்பும் இந்தத் திறமைதான் நம்மை ஏமாற்றவும் செய்கிறது. பொருளைக் கட்டிவிடலாம், ஆனால் எது முன்பக்கம் என்று நிழல் சொல்வதில்லை. அந்த முடிவைப் பார்ப்பவரே எடுத்தாக வேண்டும்.

அப்படியானால் பார்ப்பவர்கள் ஏன் வெவ்வேறு முடிவு எடுக்கிறார்கள்? இதற்கும் ஒரு கோப்பு இருக்கிறது. கொஞ்சம் சிக்கலானது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹனோவரில் அடெல்பர்ட் ஏம்ஸ் என்று ஒருவர் இருந்தார். சட்டம் படித்து, ஓவியராகி, கடைசியில் பார்வை ஆராய்ச்சியில் இறங்கியவர். சன்னல் போல வெட்டிய, ஒரு பக்கம் குறுகிய சரிவகப் பலகையை அவர் மெதுவாகச் சுழலவிட்டார். பலகை முழுச்சுற்றுச் சுற்றினாலும் பார்ப்பவருக்கு அது சுற்றுவதாகத் தெரியாது. கதவு மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுவதாகத்தான் தெரியும். அதன் ஊடே ஒரு குச்சியைச் செருகி வைத்தால், குச்சி முழுதாகச் சுற்ற, சன்னல் பாதியில் திரும்ப, குச்சி சட்டத்தை அறுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். இதை 1951-இல் அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். அவர் சொன்ன காரணம், நாம் பிறந்ததிலிருந்து செவ்வகச் சன்னல்களையே பார்த்து வளர்கிறோம் என்பது. பெரிய பக்கம் எப்போதும் அருகில் என்று கண் முடிவுகட்டிவிடுகிறது.

அப்படியென்றால் செவ்வகச் சன்னலே இல்லாத ஊரில் வளர்ந்தவருக்கு? ஹார்வர்டின் கார்டன் ஆல்போர்ட்டும் தாமஸ் பெட்டிக்ரூவும் தென்னாப்பிரிக்காவில் இதைச் சோதித்து 1957-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வட்டக் குடிசைகளில் வளர்ந்த நாட்டுப்புற ஜூலு சிறுவர்கள், டர்பன் நகரத்துச் சிறுவர்கள் என்று பிரித்து அதே சன்னலைக் காட்டினார்கள். தொலைவில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது ஏறக்குறைய எல்லோருக்குமே சன்னல் ஆடியது. கிட்டே நின்று இரு கண்ணாலும் பார்க்கச் சொன்னபோதுதான் வேறுபாடு தலைகாட்டியது. நகரத்துப் பிள்ளைகள் அதிகம் ஏமாந்தார்கள், நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் குறைவாக. பாடப்புத்தகங்கள் இதில் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பண்பாடுதான் பார்வையைத் தீர்மானிக்கிறது என்று கொட்டி முழக்குகின்றன. மூலக் கட்டுரை அவ்வளவு தாராளமாகப் பேசவில்லை. மயக்கம் வலுவாக இருக்கும்போது கண்கள் ஒத்துப்போகின்றன, அது தடுமாறும் விளிம்பில்தான் வளர்ந்த இடம் உள்ளே புகுகிறது என்பதுதான் அதிலிருந்து கிடைப்பது. இது இன்னும் சுவையான முடிவு என்பது என் எண்ணம்.

நடனப் பெண்ணுக்கு இந்தப் பண்பாட்டு விளக்கமும் போதாது. ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் அவள் எதிரெதிராகச் சுற்றுவாளே. இங்கே கைகொடுத்தது பாரிஸிலிருந்து 2015-இல் வந்த ஒரு கட்டுரை. மார்க் வெக்ஸ்லர், மரியான் த்யுயிக், பாஸ்கல் மமாஸியன் மூவரும் நடனப் பெண்ணைப் போல ஒப்பனை எதுவும் இல்லாத, வெறும் புள்ளிக் கூட்டங்களின் இருபொருள் அசைவைப் பலருக்குக் காட்டினார்கள். எது முன்னால், எது பின்னால் என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வு இருந்தது. ஒருவர் சாய்வு இன்னொருவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அதே ஆளை மறுபடி சோதித்தபோது, நிமிடங்கள் கழித்தும் மாதங்கள் கழித்தும், அநேகமாக அதே சாய்வு. கல்லில் பொறித்ததும் அல்ல. சிலருக்கு அது காலப்போக்கில் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. சுபாவம், வலது இடது மூளை எதற்கும் இதில் இடமில்லை. ஒவ்வொரு பார்வை மண்டலமும் தனக்கென ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறது, அதை அதன் சொந்தக்காரருக்கே தெரிவிப்பதில்லை.

2002-இல் வந்த இன்னொரு சோதனையும் இதோடு சேர்கிறது. டேவிட் லியோபோல்டும் நிகோஸ் லோகோதெடிஸும் சகாக்களும், எந்தப் பக்கமும் சுற்றுவதாகத் தோன்றக்கூடிய ஒரு புள்ளிக் கோளத்தை விட்டுவிட்டுக் காட்டினார்கள். இடையில் சில நொடிகள் வெற்றுத் திரை. தொடர்ந்து பார்த்தால் அடிக்கடி திசை மாறும் கோளம், இப்படி இடைவெளி விட்டுக் காட்டியபோது மாறாமல் ஒரே திசையில் நின்றது. மறைந்துபோன படத்தைப் பற்றிய முடிவைக் கண் நினைவில் வைத்திருந்து, படம் திரும்ப வந்ததும் அதையே போர்த்திவிடுகிறது. கைப்பேசியை மூடித் திறந்தாலும் அவள் அதே பக்கம் சுற்றுகிறாள் என்று அடித்துச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

இனி பின்னோக்கிய தடம். 1931-க்கு முன்னால் ஒரு சிறு நிறுத்தம் 1898. மின்விசிறியில் தான் கண்ட ஒரு விநோதக் காட்சி மயக்கத்தைப் பற்றி கென்யன் என்பவர் 'சயன்ஸ்' இதழில் சுருக்கமாக எழுதியிருக்கிறார். வீட்டு விசிறி புதுமையாக இருந்த காலம். கண்ணைக் குழப்பவும் புதிய பொருள் கிடைத்துவிட்டது.

பெரிய நிறுத்தம் 1860. போரிங் சுட்டும் பெயர் சின்ஸ்டெடன். கட்டுரை வந்த இடம் ஜெர்மனியின் இயற்பியல் ஆண்டேடு, தொகுதி 111. நூலகப் பட்டியலில் 111 என்று தேடினால் சில இடங்களில் கிடைக்கும், சில இடங்களில் 187 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இதழாசிரியர் கில்பர்ட் 1824-இல் மறைவதுவரை வெளியிட்ட 76 தொகுதிகளையும் சேர்த்து எண்ணினால் 187. அவருக்குப் பின் வந்த பொக்கெண்டார்ஃப் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கிய எண்ணிக்கையில் 111. பழைய அறிவியல் இதழ்களில் தேடுகிறவர்களைக் காலமெல்லாம் அலைக்கழிப்பது இப்படிப்பட்ட கணக்குதான். பிரான்சின் தேசிய நூலகம் இந்த ஆண்டேட்டை டிஜிட்டலாக்கி யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது, புண்ணியம்.

வில்ஹெல்ம் யோசெஃப் சின்ஸ்டெடன் பாசெவால்க் என்ற சிற்றூரில் ராணுவ மருத்துவர். கந்தக அமிலத்தில் நின்ற ஈயத் தகடுகள் மின்னூட்டத்தைத் தேக்கி வைப்பதை 1854-இலேயே கவனித்தவர். கார்களில் இன்றும் உள்ள ஈய பேட்டரிக்கு அது முன்னோடி. பெயர் என்னவோ பின்னால் வந்த பிளாந்தேயின் கணக்கில் சேர்ந்தது. அந்தச் சின்ஸ்டெடன் ஒரு நாள் வெளுத்த வானத்தின் முன் கறுப்பாக நின்ற காற்றாலையைப் பார்த்தார். இறக்கைகள் ஒரு திசையில் சுற்றிக்கொண்டிருந்தவை திடீரென்று எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கின. பிறகு திரும்பவும் மாறின.

காற்றாலையைச் சாய்வாக, ஏறக்குறைய விளிம்புப் பக்கமிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைகள் ஒடுங்கிய ஒரு நீள்வட்டத்துக்குள் ஏறி இறங்கும். உச்சிக்கு வந்த இறக்கை அடுத்து நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா? வெயில் படும் நேரமானால் மரச்சட்டமும் படுதாவும் சொல்லிவிடும். அந்தி வானத்தின் முன் வெறும் கறுப்புதான். ஆலையின் முகம் நம் பக்கம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு சுழற்சி, முதுகு நம் பக்கம் என்றால் எதிர்ச்சுழற்சி. கண்ணாடிக் கடிகாரத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் முள் மறுபக்கம் ஓடுவதைப் போல. இந்த ஆலையின் அச்சைக் கிடைநிலையிலிருந்து நிமிர்த்தி நட்டுவிட்டால் நடனப் பெண் வந்துவிடுகிறாள். நிழலுரு, நீள்வட்டம், எது அருகில் என்ற குழப்பம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரே ஒரு வேறுபாடு. ஆலைக்கு உண்மையான திசை ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் வயலைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். திரையில் இருப்பவளுக்கு அது கிடையாது. அவள் 'உண்மையில்' எந்தப் பக்கம் சுற்றுகிறாள் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

சின்ஸ்டெடனுக்கு முன்னால் 1832-இல் ஒரு கடிதம் இருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த படிகவியலாளர் லூயி ஆல்பர்ட் நெக்கர், டேவிட் புரூஸ்டருக்கு எழுதியது. கடிதத்தின் முற்பகுதி சுவிட்சர்லாந்தின் மலை விளிம்பில் சூரியனுக்கு முன்னால் மரங்களும் பறவைகளும் ஒளிர்ந்ததைப் பற்றியது. பிற்பகுதியில்தான் நமக்கு வேண்டியது: கோட்டில் வரைந்த படிகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முன்பக்கம் பின்பக்கமாகிவிடுகிறது. நெக்கர் கனசதுரம் என்று இன்று எல்லாப் புத்தகத்திலும் உள்ளது இதன் வாரிசு. அவர் வரைந்தது கனசதுரமே அல்ல, சாய்ந்த படிகம். எந்த மூலையைக் கூர்ந்து பார்க்கிறோமோ அது முன்னால் வருகிறது என்பது அவர் விளக்கம். 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் அதை ஏற்க மறுத்தார். பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தினாலும் படம் மாறத்தானே செய்கிறது. ஆனாலும் நெக்கரின் படிகம் அசையாதது. எனக்கு வேண்டியது சுழல்வது.

பழைய நூல்களிலிருந்து பார்வை பற்றிய பகுதிகளைத் திரட்டி 1998-இல் பெருந்தொகுப்பாக்கிய டண்டீயின் நிக்கலஸ் வேட் வழியாகத்தான் கடைசிக் கதவு திறந்தது. ராபர்ட் ஸ்மித், கேம்பிரிட்ஜின் வானியல் பேராசிரியர். நியூட்டனின் நூலுக்கு இரண்டாம் பதிப்புக் கொண்டுவந்த ரோஜர் கோட்ஸின் உறவினர். 1738-இல் அவர் வெளியிட்ட முழுமையான ஒளியியல் நூல் இரண்டு கனத்த தொகுதிகள், நான்கு பாகங்கள். முதல் பாகம் கணிதம் தெரியாதவர்களுக்கானது. பாத்தில் இசைக்கலைஞராக இருந்த வில்லியம் ஹெர்ஷல் ஸ்மித்தின் இசைநூலைப் படித்து, அந்தச் சுவையில் இந்த நூலையும் படித்து, தொலைநோக்கி செய்யக் கிளம்பினார் என்பது தெரிந்த கதை.

டிஜிட்டல் பிரதியில் காற்றாலை இறக்கைக்கான 'செயில்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் ஒன்றும் வராது. அந்தக் கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீண்டு, எஃப் போலவே இருக்கும். கணினி அதை 'ஃபெயில்ஸ்' என்று படித்து வைத்திருக்கிறது. 'ஃபெயில்ஸ்' என்று தேடியதும் ஆலை வந்தது. பார்வையால் நாம் பெறும் கருத்துகளைப் பற்றிய பகுதியில், தொலைவிலிருந்து பார்க்கும் காற்றாலை இறக்கைகளின் போக்கு நம்மை மயக்குவதைப் பற்றி.

அதை ஸ்மித் வைத்திருக்கும் இடம்தான் எனக்கு முக்கியம். அசைவைப் பற்றிய தலைப்பின் கீழ் அல்ல, தூரத்தை மதிப்பிடுவதில் நேரும் பிழைகளோடு வைத்திருக்கிறார். சுழலும் வட்டத்தின் எந்தப் பாதி அருகில் இருக்கிறது என்பதில் விழும் பிழை. 272 ஆண்டுகள் கழித்து கிங்ஸ்டனில் கணினித் திரையில் ட்ரோயேயும் மக்காடமும் அளந்து பார்த்ததும் இதையேதான்.